இரும்புக்கு இன்னொரு பெயர்

போன வாரம் பெர்மெத்தை மாவுப் பாத்திரத்தின் முன்னால் விட்டுவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேதான் நிற்கிறாள்.

இன்று வியாழக்கிழமை. மாமனார் இறந்ததிலிருந்து வியாழன்தோறும் அந்த வீட்டில் எண்ணெய் காய வேண்டும், போர்சோக் என்கிற மாவுத் துண்டுகள் பொரிய வேண்டும். பொரிகிற வாசனை போனவருக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. அவருக்குச் சேர்கிறதோ இல்லையோ, மருமகளின் தலைமுடி வரைக்கும் சேர்ந்துவிடுகிறது.

அதே வியாழனில்தான் நாரின் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவளுடைய துறைக் கூட்டமும் வந்து தொலைத்திருக்கிறது. மூன்று வருட ஆராய்ச்சியை எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டால் முனைவர் பட்டத்துக்கான படிப்பு தொடரும். இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் அடுத்த வேலை என்ன என்பதையும் கணவன் எர்மெக் தொலைபேசியில் முடிவு செய்துவிட்டான். மாஸ்கோவில் அவன் வேலை பார்க்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

"கெலின்! எண்ணெய் புகையுது. புத்தி எங்க போச்சு?"

கெலின் என்றால் மருமகள். கூப்பிட்டது எர்மெக்கின் அக்கா ஸூரா. கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போனவள், அதிகாரத்தை மட்டும் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"இங்கதான் இருக்கு, எஜே." மூத்த பெண்களை அக்கா என்பதுபோல அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இங்க இருந்தா ஏன் புகையுது?"

பெர்மெத் அடுப்பைத் தணித்தாள். ஒரு போர்சோக் துள்ளி விழுந்து சூடான எண்ணெய் அவள் ஆள்காட்டி விரலில் தெறித்தது. தோல் சிவந்து, பிறகு வெளுத்தது. யாரோ ஒருத்தியின் விரலைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அடுத்த ஈடு மாவைப் போட்டாள்.

அவளுக்கு இப்படித்தான் ஆகிவிட்டது. சாவு வீட்டில் பெண்கள் துக்கக் கூடாரத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடியபோது இவள் வாயிலிருந்து சத்தம் வரவில்லை, கண்ணிலிருந்து தண்ணீரும் வரவில்லை. மாமனாரைப் பிடிக்காதவள் என்று கிராமமே முடிவு கட்டியது. உண்மையில் அந்த வீட்டில் அவளுக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான். அவர் போன அன்று மரத்துப்போன மனசு, பனிக்காலம் முடியப்போகிற இந்த மார்ச் மாதத்திலும் அப்படியே கிடந்தது.

"இன்னிக்கு அத்-பாஷிலேருந்து சித்தப்பா வீட்டுக்காரங்க குரான் ஓத வராங்க, ஞாபகமிருக்கா?" என்றாள் ஸூரா.

"மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன், எஜே. டீ நானே ஊத்திக் கொடுப்பேன்."

"வரலேன்னா? நான் ஊத்தணுமா? நான் வெளியில போன பொண்ணு. இந்த வீட்டுக்கு நானும் விருந்தாளிதான்."

விருந்தாளி பேசிக்கொண்டே மூன்றாவது போர்சோக்கை எடுத்துத் தேனில் தோய்த்தாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷம். ஊர்ல எல்லாரும் தொட்டில் கட்டறாங்க, நீ புத்தகம் கட்டற. அதுவும் என்ன புத்தகம்? சாப்பாட்டோட டீ குடிக்காதேன்னு கிர்கிஸ் பொம்பளைகிட்ட சொல்ற புத்தகம்! உன்னைக் கல்லால அடிக்காம விட்டாங்களே, அதைச் சொல்லு."

பெர்மெத்துக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம் இது. வரவில்லை.

அடுப்புக்கு அந்தப் பக்கம் மாமியார் உம்சுன் அபா ரப்பர் உறை போட்ட கம்பளிக் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள். கணவர் போனபிறகு அவள் பேச்சும் குறைந்துவிட்டது. மாட்டுக்குப் புல் வைக்கப் போகிறாள் என்று பெர்மெத் நினைத்தாள்.

ஆராய்ச்சியைப் பற்றி ஸூரா சொன்னது பாதிதான். மீதியில்தான் வில்லங்கமே இருக்கிறது.

மலைக் கிராமத்துப் பெண்களின் ரத்தத்தில் இரும்புச்சத்து ஏன் குறைகிறது என்பதுதான் பெர்மெத்தின் ஆய்வு. கிர்கிஸ் மொழியில் இரும்புக்குத் தெமிர் என்று பெயர். அவள் மாமனாரின் பெயரும் தெமிர்.

மருமகள், கணவன் வீட்டு மூத்தவர்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. தலைநகர் பிஷ்கெக் பக்கத்தில் இதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டார்கள். இந்த வீட்டில் கட்டவில்லை. பெயரை மட்டுமல்ல, பெயரில் இருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது. அதனால் அந்த வீட்டுப் பெண்களுக்கு இரும்பு என்பது "கறுப்பு". இரும்புக் கட்டில் கறுப்புக் கட்டில். ரயில் ஓடுகிற இரும்புப் பாதை கறுப்புப் பாதை. உம்சுன் அபாவும் புகுந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் சொல்லி வந்தாள். கணவரைக் கூப்பிட வேண்டுமானால் "இந்தாங்க", மற்றவர்களிடம் "எர்மெக்கோட அப்பா".

இதெல்லாம் தெரியாமல் வழிகாட்டிப் பேராசிரியை நஸிபா இந்தத் தலைப்பைக் கொடுத்துவிட்டாள். மாற்றிக் கேட்கலாமா என்று பெர்மெத் வீட்டில் தயங்கியபோது விழுந்து விழுந்து சிரித்தவர் மாமனார்தான்.

"என் பேர்ல ஆராய்ச்சியா? பண்ணும்மா, பண்ணு!"

பண்ண வைத்தவரும் அவர்தான். உதவித்தொகை நின்றது, ஆய்வகத்தில் கருவி பழுதானது, மலைக்குப் போகப் பேருந்தே கிடையாது. தன் பழைய நீவா காரில் அவளை ஏற்றிக்கொண்டு மேட்டுக் கிராமம் ஒவ்வொன்றுக்கும் ஓட்டிப் போனார். பெண்கள் ரத்தம் கொடுக்கத் தயங்கினால் அவரே பேசுவார். "என் மருமக என்னைப் பத்தித்தான் படிக்கறா. பேரைத்தான் சொல்ல மாட்டா!" பெண்கள் சிரித்துக்கொண்டே விரலை நீட்டுவார்கள்.

எழுதுவதில் சிக்கல் இல்லை, கைக்குத் தடை கிடையாது. பேசும்போது இதுவரை ரஷ்ய மொழியில் பேசி ஒப்பேற்றிவிட்டாள். இரும்புக்கான ரஷ்யச் சொல் யாருக்கும் மாமனார் இல்லை. இந்த வருடம் துறையில் திடீரென்று தாய்மொழிப் பற்று பொங்கி, கூட்டம் கிர்கிஸ் மொழியில்தான் என்று தீர்மானித்துவிட்டார்கள்.

"அவர்தான் காலமாயிட்டாரே, இப்ப சொல்லலாமில்ல?" என்று கேட்டாள் நஸிபா, நகரத்துக்காரி.

"போனவர் பேரைச் சொல்றது இன்னும் தப்பு, எஜே."

ஒரு வாரமாக மாட்டுக் கொட்டிலில் ஒத்திகை பார்த்தாள். "தெ" என்பது வந்தது. அதற்கு மேல் நாக்கு நகரவில்லை. மாடு ஒன்று அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது, அவ்வளவுதான்.

அவள் கைகழுவி, உடை மாற்றி, மார்ஷ்ருத்கா என்கிற சிற்றுந்து நிற்கும் இடத்துக்கு வந்தபோது உம்சுன் அபா அங்கே நின்றுகொண்டிருந்தாள். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தலைத்துணி, கையில் ஒரு துணி முடிச்சு.

"அபா? எங்க கிளம்பிட்டீங்க?"

"உன்கூடத்தான்."

வாசலிலிருந்து ஸூராவின் குரல் தெருவைத் தாண்டி வந்தது. "பத்திரமாக் கூட்டிட்டுப் போய், பத்திரமாக் கூட்டிட்டு வாங்க அபா! பேச்சு இழுத்துட்டே போனா, பாதியில எழுப்பிக் கூட்டிட்டு வந்துடுங்க!"

ஆக, காவல். மாமியார் எதிரிலேயே மாமனார் பெயரைச் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டிய நேரம் இது என்று பெர்மெத்துக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, பயம் வரவில்லை. வண்டி வந்தது, ஏறிக்கொண்டார்கள்.

அழுக்குப் பனி ஓரங்கட்டிக் கிடந்த சாலையில் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. பாதி வழியில் உம்சுன் அபா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவர் வந்து கடைசி வரிசைல உட்காருவேன்னு சொன்னாரில்ல?"

"சொன்னாரு அபா."

அதற்கப்புறம் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கூட்ட அறையில் வெப்பக் குழாய்க்குப் பக்கத்து நாற்காலிகளை எல்லாரும் பிடித்துவிட்டிருந்தார்கள். துறைத் தலைவர் பைதூர் அகாய்க்குக் கடும் ஜலதோஷம். வந்திருந்த உறுப்பினர்களில் ஒருத்தர் தூங்கத் தயாராக இருந்தார். உம்சுன் அபா கோட்டைக் கழற்றாமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து முடிச்சை மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரு அது?" என்று நஸிபா காதோரம் கேட்டாள்.

"எங்க மாமியார்."

"கடவுளே! இன்னிக்கா கூட்டிட்டு வரணும்?"

"நான் கூட்டிட்டு வரல, எஜே. அவங்கதான் என்னைக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

பெர்மெத் எழுந்தாள். திரையில் முதல் படம் விழுந்தது. வணக்கம் சொன்னாள், கிராமங்களின் பெயர்களைச் சொன்னாள், எல்லாம் தங்குதடையில்லாமல் வந்தது. பிறகு அந்த இடம் வந்தது.

"இந்தப் பெண்களோட ரத்தத்துல... கறுப்புச் சத்து குறைவா இருக்கறதுக்கு..."

தூங்கத் தயாராக இருந்தவர் கண்ணைத் திறந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கறுப்புச் சத்தா?" பைதூர் அகாய் மூக்கைத் துடைத்தார். "அது என்ன புதுச் சத்து? நான் படிச்ச காலத்துல இல்லையே."

"இது, அகாய்." அவள் திரையில் எழுதியிருந்த சொல்லைக் காட்டினாள்.

"இதுன்னா எது? பேரைச் சொல்லுங்க. குறிப்பு எழுதறவங்க 'இது'ன்னா எழுதிக்குவாங்க?"

"ரஷ்ய மொழியில சொல்லட்டுமா?"

"கிர்கிஸ்ல நடத்தறதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம். முதல் கூட்டத்துலயே நானே அதை மீறட்டுமா?"

நஸிபா எழுந்தாள். "அகாய், அவங்க வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்கு. மாமனார் பேரு..."

"புரியுது, நஸிபா. எங்க அம்மாவும் அப்படி இருந்தவங்கதான். ஆனா வழக்கம் வீட்டோட. நாளைக்கு இவங்க பிஷ்கெக்ல பெரிய சபை முன்னாடி நிக்கணும். எடுத்துக்கிட்ட விஷயத்தோட பேரையே சொல்ல முடியாதவங்களை நான் எப்படி மேல அனுப்புவேன்? நீங்களே சொல்லுங்க."

கெட்ட மனிதர் இல்லை. குரலில் குத்தலும் இல்லை. நஸிபா உட்கார்ந்துகொண்டாள்.

பெர்மெத் நின்றாள். வாயைத் திறந்தாள். "தெ" என்று காற்று மட்டும் வந்தது. மூன்று வருடம், மேட்டுக் கிராமங்கள், நீட்டிய விரல்கள், எல்லாம் இந்த ஒரு சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. இத்தோடு முடிந்தது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் துக்கமாக இல்லை. மாஸ்கோ சலவைக்கூடத்தில் எந்நேரமும் வெந்நீர் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசி வரிசையில் நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. உம்சுன் அபா எழுந்துவிட்டாள். கூட்டிப் போகத்தான் எழுகிறாள் என்று நினைத்து, பெர்மெத் மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"தெமிர்."

அறையே திரும்பியது. சத்தமாகச் சொல்லவில்லை. பல காலம் பூட்டியிருந்த அறையைத் திறந்தபோது வருகிற கரகரப்பு அந்தக் குரலில் இருந்தது.

"தெமிர்னு சொல்லு, பாலாம்," என்றாள் மறுபடி. என் குழந்தையே என்று அர்த்தம். பெர்மெத்தை அவள் அப்படிக் கூப்பிட்டது இதுவரை கிடையாது. "என் வீட்டுக்காரர் பேரு அது. நானே சொல்லிட்டேன். இனிமே நீ சொன்னா குத்தமில்ல. குத்தம்னா அது என் தலைல இருக்கட்டும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். முடிச்சை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

பைதூர் அகாய் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். "தொடருங்க," என்றார்.

"தெமிர்," என்றாள் பெர்மெத்.

வந்துவிட்டது. கூரை இடிந்து விழவில்லை. ரத்தத்தில் இருக்கிற தெமிர், இறைச்சியில் கிடைக்கிற தெமிர், சாப்பாட்டோடு கடும் டீ குடித்தால் உடம்பில் ஒட்டாமல் போகிற தெமிர். எடுத்து வைத்ததையெல்லாம் ஏற்ற இறக்கம் இல்லாமல், நிறுத்தங்களின் பெயரைச் சொல்லும் நடத்துனர்போலச் சொல்லிக்கொண்டே போனாள். கடைசி வரிசையில் உம்சுன் அபா, அந்தப் பெயர் வரும்போதெல்லாம் லேசாகத் தலையை ஆட்டினாள். வர முடியாதவருக்காக அவள் ஆஜர் சொல்வதுபோல் இருந்தது.

முடிவு சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. ஆய்வு தொடரலாம். ஆனால் எடுத்த ரத்தமெல்லாம் பனிக்காலத்து ரத்தம். வரும் கோடையில் மேய்ச்சல் மலையிலேயே தங்கி, அதே பெண்களிடம் மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். அது இல்லாமல் பிஷ்கெக் சபை ஏற்காது.

நஸிபா கட்டிப்பிடித்துக்கொண்டாள். "தப்பிச்ச பெர்மெத்! ஆனா மலைக்கு உன்னை யாரு வண்டி ஓட்டிக் கூட்டிட்டுப் போவா?"

கொட்டகையில் நிற்கிற நீவா கார் பெர்மெத்தின் நினைவுக்கு வந்தது. அதன் மேல் கோழிகள் ஏறி உட்காருகின்றன.

வெளியே படிக்கட்டில் உம்சுன் அபா முடிச்சைப் பிரித்துக் காத்திருந்தாள். காலையில் பொரித்த போர்சோக். இரண்டு பேரும் நின்றபடியே சாப்பிட்டார்கள்.

"அபா, அத்-பாஷிக்காரங்க வந்திருப்பாங்க."

"வரட்டும். ஸூரா டீ ஊத்தட்டும். கை ஒண்ணும் தேஞ்சு போயிடாது."

இன்னொரு போர்சோக்கைப் பிட்டு, தெருவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"எது அபா?"

"அவர் பேரு. என் வாயில."

பெர்மெத் அவள் பக்கம் திரும்பினாள். "நல்லா இருந்துச்சு, அபா," என்றாள்.

"அன்னிக்குக் காலைல கொட்டில்ல விழுந்தாரில்ல? கதவுகிட்ட நின்னு 'இந்தாங்க, இந்தாங்க'ன்னுதான் கத்தினேன். 'இந்தாங்க'ன்னா உலகத்துல யாரை வேணா கூப்பிடலாம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா திரும்பிப் பார்த்திருப்பாரோ என்னவோ." கையிலிருந்த துணுக்கைப் புறாக்களுக்குப் போட்டாள். "அவர் இருந்தவரைக்கும் ஒரு தடவை சொல்லல. இன்னிக்குச் சொன்னேன், கேக்கறதுக்கு ஆளில்ல."

மார்ஷ்ருத்கா வந்தது. திரும்பும் வழி முழுக்க உம்சுன் அபாவின் கை, பெர்மெத்தின் கோட்டு முனையைப் பிடித்துக்கொண்டே வந்தது.

வீட்டு வாசல் முழுக்கக் காலணிகள். எல்லாம் சேறு படிந்த அத்-பாஷிக் காலணிகள். நடுவில் ஒரு ஜோடி மட்டும் பளபளவென்று, நகரத்துத் தோல் பூட்ஸ். மாஸ்கோ பூட்ஸ்.

ஸூரா கெண்டியோடு முற்றத்துக்கு ஓடிவந்தாள். முகம் வியர்த்திருந்தது. இரண்டு பேரையும் திட்டுவதா, சேதி சொல்வதா என்று ஒரு கணம் தடுமாறி, சேதியைச் சொன்னாள்.

"எர்மெக் வந்திருக்கான்! சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறான். நாளன்னிக்கு ரெண்டு பேருக்கும் விமானமாம். உன் துணிமணியெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னான், கெலின். அந்தப் படிப்பு என்னாச்சு? முடிஞ்சுதா இல்லையா?"

பதிலுக்குக் காத்திராமல் சமையலறைப் பக்கம் ஓடினாள். உள்ளே ஆண்களின் பேச்சுக் குரல்கள். அதில் எர்மெக்கின் சிரிப்பைப் பெர்மெத் அடையாளம் கண்டாள்.

உம்சுன் அபா மெதுவாகக் கேட்டாள். "கோடைக்கு மலைக்குப் போகணும்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன், அபா."

கதவின் இரும்புப் பிடியில் கையை வைத்தாள். வெளிக்காற்றில் கிடந்து உறைந்துபோயிருந்த பிடி, காலையில் வெந்த விரலில் அழுந்தியது. சுரீரென்று தோள் வரைக்கும் இழுத்தது. "ஆ" என்று கையை உதறினாள்.

"என்னாச்சு?"

"தெமிர் பட்டுடுச்சு, அபா."

கறுப்பு என்று சொல்லவில்லை. வீட்டு வாசலிலேயே, மாமியார் முகத்துக்கு நேராக, யோசிக்காமல் சொல்லிவிட்டாள். உம்சுன் அபா அவள் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். காலையிலிருந்து கொப்புளமாகி, உடைந்து, தோல் உரிந்திருந்தது.

"இவ்வளவு வெந்திருக்கு. வலிக்கலையா உனக்கு?"

"வலிக்குது, அபா," என்றாள் பெர்மெத். "ரொம்ப வலிக்குது."

சாவு வீட்டில் வராத சத்தம் இப்போது வந்தது. கதவு மரத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து, ஊருக்கே கேட்கும்படி அழுதாள். உம்சுன் அபா அடக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டாள்.

உள்ளே பேச்சு நின்றது. பூட்ஸுக்குச் சொந்தக்காரன் எழுந்து வரும் காலடி கேட்டது.

"வாசல்ல யாரு அழறது?" என்றான் எர்மெக்.